சுவிட்சுக்கு மட்டும் எரியும் இண்டிகேட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்ப்பு நடப்பதைப் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, எஞ்சின் பிரிப்பது, வலை கோப்பது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்த அந்தச் செய்தியில் படகின் மின்வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செய்தியாளர் மேல் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. படகுத்துறையிலேயே அது கடைசி வேலையாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் படகு சும்மா நிற்கும்போது என்னைத் தேடாதவர்கள், டீசல் பிடித்து ஐஸ் ஏற்றி முடித்த அன்று சாயங்காலம் ஆள் அனுப்பி, "அண்ணே, சைடு லைட்டு எரியல, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். நாகப்பட்டினத்தில் 26 ஆண்டுகளாக விசைப்படகுகளுக்கும் பைபர் படகுகளுக்கும் வயரிங் செய்து வருகிறேன். இந்த ஆண்டாவது அந்தக் கடைசி வேலை சற்று முன்னால் வர வேண்டும் என்ற எண்ணத்தில், இரவில் படகின் நிலையை மற்றக் கப்பல்களுக்குச் சொல்லும் நேவிகேஷன் விளக்குகளின் சுவிட்சையும், அவை எரிகின்றனவா என்று கேபினில் காட்டும் சிறு விளக்கான இண்டிகேட்டரையும் பற்றி மட்டும் இந்தக் கடிதத்தில் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

கடலில் விளக்கு என்பது வெளிச்சத்துக்காக அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையிலும், மூடுபனியிலும் அடைமழையிலும், ஒவ்வொரு படகும் தன் நிலையை நிறத்தாலும் கோணத்தாலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை; இவைதான் சைடு லைட்டுகள். இரண்டும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டையும் சற்றுத் தாண்டி 112.5 டிகிரி வரைக்கும்தான் தெரிய வேண்டும். பாய்மரத்து வெள்ளை விளக்கு முன்பக்கம் 225 டிகிரிக்கும், பின் விளக்கு 135 டிகிரிக்கும் தெரிய வேண்டும். இரண்டையும் கூட்டினால் வட்டம் முழுமையாகிறது. எதிரே வருகிற கப்பலின் அதிகாரி படகைப் பார்ப்பதில்லை; இந்த நிறங்களைப் பார்த்துத்தான், குறுக்கே போகிற படகு எந்தப் பக்கமாகப் போகிறது, ஒதுங்க வேண்டியது தானா அதுவா என்று முடிவெடுக்கிறார். ஒரு நிறம் குறைந்தால் அவருக்குக் கிடைக்கும் செய்தி பாதியாகக் குறைவதில்லை, வேறு செய்தியாகவே மாறிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில், நான் வயரிங் செய்த 50 அடி விசைப்படகு ஒன்று மடியை (இழுவை வலையை) ஏற்றிவிட்டுக் கரை திரும்பிக்கொண்டிருந்தது. காரைக்கால் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் கடற்பகுதிக்கு வெளியே, இடப்புறத்திலிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்தது. அதன் பச்சை விளக்கு படகின் டிரைவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடப்புறமிருந்து வருகிற கப்பல்தான் ஒதுங்க வேண்டும், குறுக்கே போகும் படகு தன் போக்கை மாற்றாமல் போக வேண்டும் என்பது விதி. அது தெரிந்த டிரைவர் என்பதால் அவர் போக்கை மாற்றவில்லை. ஆனால் கப்பலும் மாற்றவில்லை. கடைசியில் அவர் ஸ்டியரிங்கை வலப்புறம் முழுக்கத் திருப்பி எஞ்சினைக் குறைத்தார். கப்பல் எழுப்பிய அலையில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, தளத்தில் இருந்த மீன் பெட்டிகள் கடலில் விழுந்தன. ஒன்பது பேரும் உயிரோடு திரும்பியது கடல் அன்னையின் கருணை என்றுதான் அவர்கள் வீட்டார் இன்றும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை அந்த டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, செவப்பு எரியுதுன்னு பலகையில காட்டிச்சே, நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

படகுக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். கேபினில் ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த சுவிட்ச் பலகையில் சிவப்பு இண்டிகேட்டர் பளிச்சென்று எரிந்தது. வெளியே வந்து இடப்புற விளக்கைப் பார்த்தால் இருட்டு. கண்ணாடியைக் கழற்றினேன், பல்பை வெளியே எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே இழை அறாமல் முழுதாக இருந்தது. ஹோல்டரின் அடியில், பல்பின் நுனி அமர வேண்டிய பித்தளைப் புள்ளியின் மேல் பச்சைக் களிம்பு கனமாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. வயர் முனையில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் சரியாக இருந்தது. அதாவது கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து நின்றிருக்கிறது, பல்புக்குள் போகவில்லை. பலகையில் இருந்த இண்டிகேட்டரோ சுவிட்சின் முனையிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்து எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் போட்டால் அது எரியும். பல்பு எரிந்தாலும், செத்தாலும், கழற்றிக் கடலில் எறிந்தாலும் எரியும். அந்தக் கப்பலின் அதிகாரிக்கு அன்றிரவு தெரிந்தது ஒரே ஒரு வெள்ளை விளக்கு. நங்கூரமிட்டு நிற்கும் சிறு படகு என்றோ, தனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும் படகின் பின் விளக்கு என்றோ அவர் எண்ணியிருந்தால் அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

அந்த இண்டிகேட்டரை அப்படி இணைத்தவன் நான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் இணைப்பார். கடையில் கிடைக்கும் விளக்கு வைத்த சுவிட்சுகளில் பெரும்பாலானவையும் அதே முறையில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நம் வீட்டு சுவிட்ச் போர்டில் இருக்கும் சிவப்புப் பொட்டு விளக்கு, மோட்டாருக்குக் கரண்ட் போயிருக்கிறது என்று சொல்லுமே தவிர, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று சொல்லாது. வீட்டில் நாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கடலில், இரவில், ஒற்றை ஆளாக ஸ்டியரிங் பிடித்திருக்கும் டிரைவர் கேபினின் வெளிப்புறத்தில் இருக்கும் சைடு லைட்டைத் தன் இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாது. அது அவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் மறைப்பு வைத்துப் பொருத்துகிறோம். எனவே அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி பலகையில் உள்ள இண்டிகேட்டர்தான். அந்தச் சாட்சி சுவிட்சை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினால், இண்டிகேட்டரே இல்லாத படகைவிட அந்தப் படகு ஆபத்தானது. இண்டிகேட்டர் இல்லாத படகில் யாராவது ஒருவர் வெளியே எட்டிப் பார்ப்பார்.

பெரிய கப்பல்களில் இந்தக் கேள்வி எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-ல் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின்படி, 2009-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கப்பல்களில் பொருத்தப்படும் நேவிகேஷன் விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகை, விளக்கு செத்துப்போனால் எச்சரிக்கை தர வேண்டும். அந்தப் பலகைகளில் கப்பலின் உருவத்தையே வரைந்து, இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, முன்னும் பின்னும் வெள்ளை என்று இண்டிகேட்டர்களை அதனதன் இடத்திலேயே வைத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் எது அணைந்திருக்கிறது என்பது தெரியும். நம் படகுகளுக்கு அவ்வளவு விலையுள்ள பலகை வேண்டியதில்லை. அதன் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றுதான் வேண்டும்: விளக்குக்குள் பாயும் கரண்டால்தான் இண்டிகேட்டர் எரிய வேண்டும்.

இதற்கு எளிய வழி ரீட் சுவிட்ச். தீக்குச்சி அளவிலான கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொடாமல் இருக்கும். அருகில் காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். விளக்குக்குப் போகிற வயரையே அந்தக் குழாயின் மேல் சுற்றிவிட்டால், கரண்ட் பாயும்போது அந்தச் சுற்றே காந்தமாகித் தகடுகளை ஒட்டவைக்கும். அந்தத் தகடுகள் வழியாகப் பலகையில் உள்ள சிறு எல்இடி எரியும். 12 வோல்ட்டில் 25 வாட் பல்பு சுமார் 2 ஆம்பியர் எடுக்கும் என்பதால் அதற்குப் பதினைந்து சுற்றுகள் அளவில் போதும். 24 வோல்ட் படகில் அதே 25 வாட் பல்பு 1 ஆம்பியர்தான் எடுக்கும், அங்கே முப்பது சுற்றுகள் வேண்டியிருக்கும். ரீடின் தன்மைக்கு ஏற்ப இது கூடக் குறைய இருக்குமாகையால், சுற்றிய பிறகு பல்பைக் கழற்றி இண்டிகேட்டர் அணைகிறதா என்று பார்க்காமல் பலகையை மூடக் கூடாது. எல்இடிக்கு 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம், 24 வோல்ட்டில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் தடை) போட்டால் 10 மில்லி ஆம்பியர் அளவில் எரியும். சுற்று தடித்த வயராக இருப்பதால் விளக்கின் வெளிச்சம் குறையாது. இப்படி இணைத்தால் பல்பு செத்தாலும், ஹோல்டரில் களிம்பு ஏறினாலும், வயர் எங்கே அறுந்தாலும் இண்டிகேட்டர் அணைந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்தச் சுற்று காந்தம் ஆகையால் காம்பஸுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, காம்பஸ் அருகே போகிற வயர்களைப் போக்கும் வரத்துமாகச் சேர்த்து முறுக்கியே கொண்டுபோக வேண்டும்.

கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளை வரிசையில் போட்டு அதன் மேல் விழும் வோல்ட்டேஜில் இண்டிகேட்டரை எரிய வைக்கும் முறையும் சிலரிடம் உண்டு. இரண்டு டயோடுகளில் ஏறக்குறைய 1.4 வோல்ட் விழும். 12 வோல்ட் படகில் இழை பல்புக்கு அது சிறிய இழப்பல்ல. வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இண்டிகேட்டருக்காக விளக்கை மங்கவைப்பதை நான் ஏற்பதில்லை.

அதே கணக்கு வயரின் தடிமனுக்கும் பொருந்தும். பலகையிலிருந்து பாய்மர உச்சிக்கு 12 மீட்டர் என்று வைத்தால் போக வர 24 மீட்டர். முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மில்லிமீட்டர்) வயரில் 25 வாட் பல்பை எரித்தால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். இரண்டரை ஸ்கொயர் வயரில் அது 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். நேவிகேஷன் விளக்குக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்பது அமெரிக்கப் படகு மின்தர விதி; 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். 12 மீட்டருக்கு மேல் 20 மீட்டருக்குள் உள்ள படகின் பாய்மர விளக்கு 3 கடல் மைலுக்கும், சைடு லைட் 2 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் அந்த 2 கடல் மைலை எட்டு நிமிடத்தில் கடந்துவிடும். மங்கிய விளக்கு அந்த எட்டு நிமிடத்திலிருந்துதான் கழிகிறது. விலை குறைவு என்று மெல்லிய வயரை வாங்கிக் கொடுத்து இதையே இழுத்துவிடுங்கள் என்று சொல்லும் உரிமையாளர்களிடம் நான் இப்போது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

வயர் வெள்ளீயம் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரணச் செம்பு வயரின் முனை வழியாக உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறி, உறைக்குள்ளேயே கருத்துப்போகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு கடலில் ஒரு பருவம்கூடத் தாங்காது. வயர் முனையில் லக் என்ற உலோக முனையை அடித்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, விளக்குக்குள் நுழையும் முன் வயரை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு ஏற்றினால், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ் என்றால், பின் விளக்கின் ஹோல்டரில் தண்ணீர் புகுந்த இரவில் பாய்மரமும் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே அணைந்துவிடும். ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் நான் திறக்கும் பலகைகளில் அதைப் பார்க்காத ஆண்டு இல்லை. இரும்புப் படகுகளில் ஒற்றை வயரை மட்டும் இழுத்து, திரும்பும் வழிக்குப் படகின் உடம்பையே எர்த்தாக வைப்பதும் கூடாது. கசியும் கரண்ட் தகட்டை அரித்துவிடும்.

சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளக்குகள் சரியாக எரிந்தாலும் தவறான விளக்கு எரிந்தால் பயனில்லை. 12 மீட்டருக்குக் குறைந்த பைபர் படகில், ஓடும்போது சிவப்பு, பச்சை, சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை. நங்கூரத்தில் வெள்ளை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை சுவிட்ச் போடுகிறார்கள். வெள்ளை இரண்டு நிலையிலும் எரிய வேண்டுமே என்று இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால், நங்கூர நிலையில் போட்டாலும் கரண்ட் அந்தத் துண்டு வழியாகப் பின்னால் போய்ச் சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே எரியவிடும். நின்றுகொண்டிருக்கும் படகு "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே பிடியில் இரண்டு தனித்தனி இணைப்புகளை இயக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச் வாங்கி, ஒரு துருவத்தில் சிவப்பையும் பச்சையையும் ஓடும் நிலைக்கு மட்டும் கொடுத்து, மற்றத் துருவத்தில் வெள்ளையை இரண்டு நிலைக்கும் கொடுத்தால் இந்தப் பின்னோட்டம் வராது.

விசைப்படகில் மூன்றாவது நிலையும் உண்டு. இழுவை மடி தண்ணீரில் இருக்கும்போது மேலே பச்சை, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்குகள் எரிய வேண்டும். இழுவை அல்லாத வலையானால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. மீன்பிடிப்பில் இருக்கும் படகுக்கு எஞ்சினால் ஓடும் பெரிய கப்பலும் ஒதுங்க வேண்டும் என்பது விதி தரும் உரிமை. அந்த உரிமையைக் கோருவதே இந்த இரண்டு விளக்குகள்தான். மடியை ஏற்றிய பிறகும் அவற்றை அணைக்காமல் கரைவரை ஓட்டிவருவதும், மடி போட்டிருக்கும்போது எரியவிடாமல் இருப்பதும் ஒரே அளவு தவறு. எனவே ஓட்டம், மடி, நங்கூரம் என்று மூன்று நிலையையும் தமிழில் பெரிதாக எழுதிய ஒற்றைத் திருகு சுவிட்ச் ஒன்றை வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் உரிய விளக்குகள் தாமாகவே சேர்ந்து எரியும்படி வயரிங் செய்வதை நான் விரும்புகிறேன். ஆறு சுவிட்சுகளை வரிசையாக வைத்து, எது எதற்கு என்று டிரைவரின் நினைவை நம்பிவிட்டுவிடுவது சரியல்ல. மாற்று டிரைவர் வந்தால் அந்த நினைவு அவரோடு வருவதில்லை.

தளத்தில் வேலைக்காகப் போடும் ஃபோகஸ் விளக்குகளை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேவிகேஷன் விளக்குகளை மறைக்கிற, அவற்றோடு குழப்புகிற, காவல் பார்ப்பவரின் கண்ணைக் கூசவைக்கிற எந்த விளக்கையும் எரிக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. மீன் பிரிக்கும்போது வெளிச்சம் தேவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த விளக்குகளைத் தளத்தைப் பார்த்துக் கீழே சாய்த்து மூடி போடாமல், கடலைப் பார்த்து விரித்து வைத்தால், தூரத்துக் கப்பலுக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பிழம்பு. அதற்குள் சிவப்பும் பச்சையும் கரைந்துபோகின்றன. இதே காரணத்தால் பலகை இண்டிகேட்டரும் மங்கலாகவே இருக்க வேண்டும். இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் ஆகும். இண்டிகேட்டர் கூசுகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்த படகுகளை நான் பார்த்திருக்கிறேன். டிரைவரைக் குறை சொல்ல முடியாது; அந்த எல்இடிக்கு ரெசிஸ்டரைக் கூட்டிப் போட்டிருக்க வேண்டியவர் வயரிங் செய்தவர்.

இப்போது பலரும் இழை பல்பை எடுத்துவிட்டு எல்இடி போடுகிறார்கள். பேட்டரி மிச்சமாவது நன்மைதான். ஆனால் 2 வாட் எல்இடி 12 வோல்ட்டில் 0.17 ஆம்பியர் அளவுதான் எடுக்கும். பதினைந்து சுற்று ரீட் அதற்கு அசையாது. விளக்கு எரிந்தும் இண்டிகேட்டர் எரியாததைக் கண்டு, உதவிக்கு வந்த ஆள் இண்டிகேட்டரைப் பழையபடி சுவிட்ச் முனைக்கே மாற்றி இணைத்துவிட்டுப் போவார். பழைய ஆபத்து திரும்பிவிடும். எல்இடி போட்டால் சுற்றுகளை நூற்றெண்பது அளவுக்குக் கூட்ட வேண்டும். வெள்ளை எல்இடியைச் சிவப்பு, பச்சைக் கண்ணாடிக்குள் வைத்தால் நிறமும் கோணமும் மாறிவிடுகின்றன; விளக்கை முழுதாக, நேவிகேஷனுக்கென்றே செய்யப்பட்டதாக வாங்குவது நல்லது. தரம் குறைந்த எல்இடிகள் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவையும், கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் குழப்புகின்றன என்று 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்திருந்தது. விளக்குப் போட்டதும் ரேடியோவில் இரைச்சல் கூடுகிறதா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

2018 ஆகஸ்ட் 7 விடியற்காலையில், கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற படகின் மீது கப்பல் மோதியதில் இறந்தவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்தின் இராமன்துறையைச் சேர்ந்தவர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் கப்பல் மோதிய படகிலும் பதினான்கு பேரில் பாதிப் பேர் தமிழகத்து மீனவர்கள். அந்தப் படகுகளின் விளக்குகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. கப்பலுக்கும் படகுக்கும் இடையே இரவில் நடக்கிற பேச்சு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் எண்ணியிருக்கிறேன். படகின் பக்கத்திலிருந்து போகும் பேச்சாவது தடையில்லாமல் போக வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் ஒவ்வொரு விசைப்படகையும் நேரில் வந்து ஆய்வு செய்கிறார்கள். பதிவு எண், உரிமம், உயிர்காப்பு உடை, தகவல் தொடர்புக் கருவி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள், விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சுவிட்சைப் போடச் சொல்லி, சிவப்பு விளக்கின் பல்பை அவர்கள் முன்னிலையிலேயே கழற்றச் சொல்ல வேண்டும் என்பதுதான். பலகையில் இண்டிகேட்டர் அணைந்தால் வயரிங் சரி. எரிந்துகொண்டே இருந்தால், கடலுக்குப் போகும் முன் மாற்றிவிட்டு வரச் சொல்ல வேண்டும். எல்இடி விளக்கானால் பல்பைக் கழற்றுவதற்குப் பதிலாக விளக்கின் பக்கத்து இணைப்பைப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. கருவி எதுவும் வேண்டாம்.

படகு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ரீட், எல்இடி, நல்ல வயர், இரட்டைத் துருவ சுவிட்ச் எல்லாம் சேர்ந்தாலும், ஒரு நடைக்குப் பிடிக்கும் டீசலுக்கு முன் அது ஒரு செலவே அல்ல. வேலைக்கு ஒரு முழு நாள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளை ஜூன் 14-ஆம் தேதி தேடாமல் மே மாதத்திலேயே கொடுங்கள்.

எனக்கு மேற்சொன்ன நிகழ்வு நடந்த பிறகு, நான் முன்பு வயரிங் செய்த படகுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் இண்டிகேட்டரை மாற்றி வருகிறேன். கூலி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. முப்பத்தொரு படகுகள் முடிந்திருக்கின்றன; சில படகுகள் விற்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போய்விட்டன, அவற்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேபின் பலகையில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்று பொட்டு விளக்குகளும் ஒரே வரிசையில் இருந்து, அவற்றுக்குக் கீழே நீல வர்ணத்தில் கையால் எழுதிய எழுத்துகள் இருந்தால், அது என் வேலையாக இருக்கலாம். அந்தப் படகு இப்போது யாரிடம் இருந்தாலும், தயவுசெய்து பல்பைக் கழற்றிப் பாருங்கள். இண்டிகேட்டர் அணையவில்லை என்றால் உங்கள் ஊர் மின்பணியாளரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படகு மின்பணியாளர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.